ஜனவரி மாத டார்கெட்

அக்கா,

இன்று காலை புது வேலையிடத்தில் ஒரு பெண் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று மார்க்கரின் மூடியைக் கழற்றினாள். அந்த மை வாசனை மூக்கில் சுருக்கென்று ஏறியது. கையிலிருந்த கோப்பியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சும்மா நின்றேன். திரும்பி வந்தபோது இன்றைய டார்கெட்டை எழுதி முடித்திருந்தாள். பக்கத்தில் தேதி இல்லை. மார்க்கரை வாங்கி, இந்த எண் எந்தத் தேதியிலிருந்து என்று ஓரத்தில் எழுதினேன்.

“தினமும் எதுக்குண்ணே இது? எல்லாருக்கும் தெரியுமே.”

“போடணும்.”

“சரி லா. கோவப்படாதீங்க.”

நான் கோபப்படவில்லை. என் முகம் அப்படி. அதை முதலில் கண்டுபிடித்தது நீங்கள்தான். நான் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரம், காண்டீனில் எனக்கு எதிரே தட்டை வைத்துவிட்டு, “தம்பி, யாராச்சும் உன்ன அடிச்சாங்களா, இல்ல பொறந்ததிலிருந்தே மூஞ்சி இப்படித்தானா?” என்று கேட்டீர்கள். மேசையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வர ஒரு வாரம் ஆனது.

சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. அதனால் வரிசையாகவே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த பாதியும் இதில் இருக்கிறது. தெரியாத பாதிக்காகத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அப்போது மூன்றாவது லைனின் லீடர். பதினெட்டு வருடம் அதே கட்டடம், அதே நீல ஜாக்கெட். காலை ஷிஃப்ட் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, பலகையில் எழுதியிருக்கும் டார்கெட்டைப் பார்த்து உங்கள் சட்டைப்பைக்குள் இருக்கும் சின்ன நோட்டில் எழுதிக்கொள்வீர்கள். ஷிஃப்ட் முடியும்போது எத்தனை சர்க்யூட் போர்டு சோதித்து அனுப்பினீர்கள் என்பதையும் அதற்குப் பக்கத்தில் எழுதுவீர்கள். பிறகு பலகையை அழித்துவிடுவார்கள். உங்கள் நோட்டில் மட்டும் அது இருக்கும்.

நான் வந்த புதிதில் அதைப் பார்த்து, “சிஸ்டத்துலயே எல்லாம் இருக்குக்கா. எதுக்குக் கையால எழுதிட்டு?” என்றேன்.

“உன் சிஸ்டம் கரண்ட்டு போனா தூங்கிடும். என் நோட்டு தூங்காது.”

“பேக்கப் இருக்குக்கா.”

“எனக்கும் இருக்கு. வீட்டுல நாலு டப்பா நெறைய பழைய நோட்டு.”

அந்த சிஸ்டத்தைச் செய்தவன் நான். லைனுக்கு மேலே தொங்கும் பெரிய திரையில் ஒவ்வொரு லைனுக்கும் பன்னிரண்டு சதுரங்கள், மாதத்துக்கு ஒன்று. மாதச் சராசரி டார்கெட்டைத் தொட்டால் பச்சை, தொடாவிட்டால் சிவப்பு. மேலாளர்களுக்கு அது ரொம்பப் பிடித்தது. உங்களுக்கு அது ‘தம்பியோட டிவி’. ஷிஃப்ட் முடிந்து கைப்பட்டையைக் கழற்றிக்கொண்டே என் மேசைப் பக்கம் எட்டிப் பார்ப்பீர்கள்.

“இன்னைக்கு நான் பச்சையா தம்பி?”

“மாசக் கடைசியிலதான் தெரியும்க்கா.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. பச்சைன்னு சொல்லு, நான் பஸ் ஏறணும்.”

“பச்சைதான். போங்க.”

எத்தனை முறை அப்படிச் சொல்லியிருப்பேன். திரையைப் பார்க்காமலேகூட.

சூப்பர்வைசர்களுக்கு வெள்ளை ஜாக்கெட். உங்களுக்கு அது வேண்டும் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். விண்ணப்பப் பாரத்தில் பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். தேறியிருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. நீங்கள் பள்ளியைப் பாதியில் விட்டவர். நாற்பது வயதில் தனித் தேர்வராகப் பரீட்சை எழுதினீர்கள். உங்கள் மகளும் நீங்களும் ஒரே வருடம், ஒரே பரீட்சை. கணக்கு மட்டும் உங்களுக்கு ஏறவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் நாசி லெமாக் பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு என்னிடம் முக்கோணங்களைக் காட்டுவீர்கள். எனக்குப் பொறுமை கிடையாது.

“அக்கா, இது சிம்பிள். ஒரே ஃபார்முலா.”

“சிம்பிள்னா நீ எதுக்குக் கத்துற?”

தேறினீர்கள். உங்கள் மகளைவிட ஒரு படி குறைந்த தரம். அன்றைக்கு லைன் முழுவதற்கும் கரிபாப் வாங்கி வந்தீர்கள். எனக்கு மட்டும் இரண்டு. “வாத்தியாருக்கு ஒன்னு, கத்துனதுக்கு ஒன்னு,” என்றீர்கள்.

அடுத்த வருடம் பதவி உயர்வுக்கு உங்கள் பெயர் போனது. ஒரே இடம். நீங்களும் ஐந்தாவது லைன் லீடரும். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை உங்கள் எட்டுச் சதுரங்களும் பச்சை. அதை நான் என் கண்ணால் பார்த்தவன். இதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை நான்கரை மணி. மேனேஜர் என் மேசைக்கு வந்தார். மூன்றாவது லைனுக்குப் புது வாடிக்கையாளர், திங்கள்கிழமையிலிருந்து ஒரு ஷிஃப்டுக்கு டார்கெட் எழுநூற்று இருபது, மாற்றிவிடு என்றார். அதுவரை அறுநூற்று நாற்பது. மெஷின் அதே மெஷின், ஆட்கள் அதே ஆட்கள். அது எப்படி முடியும் என்று நான் கேட்கவில்லை. அது என் வேலை இல்லை என்று நினைத்தேன். ஒரு கட்டத்தில் இருந்த எண்ணை அழித்துவிட்டுப் புது எண்ணைப் போட்டேன்.

திரையில் உங்கள் வரிசை முழுவதும் சிவப்பானது. ஜனவரியிலிருந்து.

ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. நான் அதைச் செய்தபோது டார்கெட்டுக்கு ஒரே ஒரு கட்டம்தான் வைத்திருந்தேன். எந்தத் தேதியிலிருந்து எந்த எண் என்று வைக்கவில்லை. டார்கெட் மாறும் என்று யோசிக்கவே இல்லை. அதனால் இன்றைய எண்ணை மாற்றினால் போன மாதங்களையும் அது இன்றைய எண்ணை வைத்தே அளக்கும். முதல் வருட மாணவன் செய்யும் தப்பு. சரி செய்ய இரண்டு மணி நேரம் போதும். ஆனால் நான் பாலத்தைத் தாண்டி அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் இருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். ஐந்தைத் தாண்டினால் பாலத்தில் வண்டி நகராது. பழைய மாதத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக் கணினியை மூடினேன்.

திங்கள்கிழமை செய்யலாம் என்று இருந்தேன். திங்கள்கிழமை வேறு வேலை வந்தது. இப்படித்தான் அது நடந்தது, அக்கா. சதி ஒன்றும் இல்லை. யாராவது சதி செய்திருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரத்தில் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். பலகையில் எண் மாறியிருந்ததைப் பற்றிக் கேட்க வந்தீர்கள் என்று நினைத்தேன். “அக்கா, பிசி. நாளைக்கு,” என்றேன். மறுநாளும் வந்தீர்கள். மறுநாளும் அதையே சொன்னேன். உண்மையில் பிசிதான். ஆனால் மூன்று நிமிடம்கூட இல்லாத அளவுக்கு யாரும் பிசி இல்லை.

அக்டோபரில் பதவி உயர்வுக் கூட்டம். எச்.ஆருக்கு அறிக்கை தானாகப் போகும்படி நான்தான் அமைத்து வைத்திருந்தேன். அதையும் மறந்திருந்தேன். ஐந்தாவது லைனுக்கு டார்கெட் மாறவில்லை, அதனால் அவர் வரிசை பச்சை. உங்கள் வரிசை சிவப்பு, ஒரு சதுரம் விடாமல். உங்களை உள்ளே கூப்பிட்டுத் தாளைக் காட்டினார்களாம். “இது பச்சையா இருந்திச்சு சார்,” என்று சொன்னீர்களாம். ஒருவர் சிரித்தாராம். “சிஸ்டம் பொய் சொல்லுமா?” என்றாராம்.

அன்று மத்தியானம் நீங்கள் என் மேசைக்கு வந்தபோது உங்கள் முகத்தில் கிண்டல் இல்லை. நோட்டைக் கையில் வைத்திருந்தீர்கள்.

“தம்பி, ஒரே ஒரு கேள்வி. ஜனவரில டார்கெட் என்ன?”

நான் திரையைப் பார்த்தேன். உங்களைப் பார்க்கவில்லை.

“ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தா போதும். நீ கையெழுத்துகூடப் போட வேண்டாம். நான் தோத்தவள்னு எழுதிட்டாங்க தம்பி. பதவி குடுக்கலன்னா போவுது. தோக்கலயே நானு.”

“எச்.ஆருக்கு மெயில் போடுங்கக்கா. நான் ஒன்னும் செய்ய முடியாது.”

நோட்டை மூடினீர்கள். பிறகு, “சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். நான் அடுத்த மெயிலைத் திறந்தேன்.

நீங்கள் எச்.ஆருக்கு எழுதினீர்கள். யூனியன் கிடையாது, நீங்களாகவே மலாயில் எழுதினீர்கள். அதற்குப் பதிலாக, மூன்று மாத முன்னேற்றத் திட்டம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். லீடர் பொறுப்பை எடுத்துவிட்டு உங்களைத் திரும்பவும் போர்டு சோதிக்கும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வெள்ளை ஜாக்கெட் வாங்கியவர் உங்கள் லைனுக்கே சூப்பர்வைசராக வந்தார். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தீர்கள். ஒருநாள் ஜாக்கெட்டை மடித்து லாக்கரில் வைத்துவிட்டு, காலை பஸ்ஸிலேயே வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டீர்கள். அடுத்த வாரம், நானாக விடவில்லை, விட வைத்தார்கள் என்று தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுத்தீர்கள். சமரசப் பேச்சில் ஒன்றும் ஆகவில்லை. வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போனது.

இனி உங்களுக்குத் தெரியாதது.

நீங்கள் எச்.ஆருக்கு எழுதிய மறுவாரமே அங்கிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். ‘இந்த அறிக்கை சிஸ்டத்தால் தானாக உருவாக்கப்பட்டது. உற்பத்தி எண்கள் எதையும் யாரும் கையால் திருத்தவில்லை.’ இரண்டே வரி. படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. உற்பத்தி எண்களை யாரும் தொடவில்லை. டார்கெட்டைத் தொட்டதைப் பற்றி அதில் யாரும் கேட்கவில்லை. டிசம்பரில் என் மதிப்பீடு இருந்தது. கையெழுத்துப் போட்டேன். ஜனவரியில் என்னை சீனியர் இன்ஜினியராக்கினார்கள். அந்த வருடம் எங்கள் மாடியில் பதவி உயர்வு வாங்கியது இரண்டு பேர். உங்கள் இடத்தை வாங்கியவர் ஒருவர். இன்னொருவன் நான்.

வழக்கு நகரவில்லை. தேதி தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. நீங்கள் டத்தோ கிராமாட் பக்கம் ஒரு கேட்டரிங்காரரிடம் வேலைக்குப் போகிறீர்கள் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். உங்களை நான் அப்புறம் ஒரே ஒரு முறை பார்த்தேன். அதற்கடுத்த வருடத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில், ஒரு பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கடக்கப் பார்த்தேன். அவ்வளவு கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

“இஞ்சினியர் தம்பி. மூஞ்சிய வச்சே கண்டுபிடிச்சேன் பாரு.”

டம்ளரை நீட்டினீர்கள். வெயிலில் உங்கள் நெற்றி முழுக்க வியர்வை, திருநீறு கரைந்து வழிந்திருந்தது. இளைத்திருந்தீர்கள்.

“சீனியர் ஆயிட்டியாமே. நல்லா இரு.”

“நீங்க எப்படி இருக்கீங்கக்கா?”

“எனக்கென்ன. இங்க டார்கெட்டு இல்ல. தீர்ற வரைக்கும் ஊத்த வேண்டியதுதான்.” சிரித்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். “கேஸு அடுத்த மாசம் வருது தம்பி. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுவியா?”

“பார்க்கலாம்க்கா.”

“பாக்கலாம்னு சொன்னா வரமாட்டேன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா,” என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்ற பிள்ளைக்கு ஊற்றத் திரும்பிவிட்டீர்கள். அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருக்கலாம்.

விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். மூளையில் ரத்தக்கசிவு. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது விழுந்தீர்கள், மறுநாள் எழவில்லை. லைன் வாட்சப்பில் செய்தி வந்தது. கீழே முப்பது பேர் கைகூப்பும் படத்தைப் போட்டார்கள். நானும் போட்டேன்.

பத்து லஞ்சாங் சுடுகாட்டுக்கு நான் வரவில்லை. பதினாறாம் நாள்தான் வந்தேன். உங்கள் அடுக்குமாடியின் கீழே நீலக் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். உங்கள் மகள் ஒவ்வொருவருக்கும் அட்டைப்பெட்டிக் குளிர்பானம் கொடுத்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் வந்ததும் நின்றாள்.

“நீங்கதான் இஞ்சினியர் தம்பியா?”

“எப்படித் தெரியும்?”

“அம்மா சொல்வாங்க. கோவமா இருக்கிற மாதிரி இருப்பாரு, ஆனா கோவம் இல்லன்னு.” கையிலிருந்த பெட்டிகளைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். “கேஸ நான் விடல அண்ணே. அம்மா இல்லன்னாலும் வாரிசு நடத்தலாம்னு லாயர் சொன்னாங்க. எனக்கு நஷ்ட ஈடு முக்கியமில்ல. அம்மா பேருக்குப் பக்கத்துல எழுதி வச்சிருக்காங்களே, அதுதான்.”

சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன். மோட்டாரில் ஏறிப் பாலம் வரை போனேன். பாலத்தின் வாசலில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, உங்கள் மகளைக் கூப்பிட்டு லாயரின் எண்ணைக் கேட்டேன். இதைப் பெரிய மனமாற்றம் என்று நினைக்காதீர்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் செய்திருந்தால் அதற்கு ஏதாவது பெயர் இருந்திருக்கும்.

லாயர் ஒரு மலாய்க்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். சட்ட உதவியில் உங்கள் வழக்கை எடுத்தவர். அவர் அறையில் மேசை முழுக்க உங்கள் நோட்டுகள். உங்கள் மகளும் இருந்தாள். கட்டத்தையும் சூத்திரத்தையும் பற்றி நான் விளக்கினேன். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை எடுத்து வைத்த பேக்கப் கோப்புகள் கம்பெனி சர்வரில் எந்த இடத்தில் இருக்கின்றன, நீதிமன்றம் எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு ஒரு நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

எண்கள் அவருக்குப் புரிகின்றன, ஓரத்தில் தமிழில் எழுதியிருப்பதுதான் புரியவில்லை, மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பும் முன்னால் உதவுமா என்று பார்க்க வேண்டும், படித்துச் சொல்லுங்கள் என்றார் மலாயில். உங்கள் மகள், “எனக்குத் தமிழ் படிக்க வராதுண்ணே. மலாய் ஸ்கூல்,” என்றாள்.

செப்டம்பர் முதல் வாரப் பக்கம். பென்சிலில், பொடி எழுத்தில் நீங்கள் எழுதியிருந்ததை முதலில் தமிழில் சத்தமாகப் படித்தேன்.

“போர்டுல 720. போன வாரம் 640. யாரும் சொல்லல. தம்பிய கேக்கணும்.”

அடுத்த நாள். “தம்பி பிசி.”

அதற்கு அடுத்த நாள். “தம்பி இன்னைக்கும் பிசி. மூஞ்சி சரியில்ல. சாப்ட்டானா தெரியல.”

அதே நாள், அதற்கும் கீழே. “டிவில பழைய மாசம் எல்லாம் சிவப்பா காட்டுது. தம்பிக்கு இது தெரியாது போல. தெரிஞ்சா சரி பண்ணிடுவான்.”

அங்கே நிறுத்தினேன். இரண்டாம் நாள் நீங்கள் வந்தது பலகையில் எண் மாறியதைக் கேட்க மட்டுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கூட்டத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தபோதே எனக்குச் சொல்ல வந்திருக்கிறீர்கள். உன் டிவியில் ஏதோ கோளாறு, பார்த்துக்கொள் என்று.

லாயர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கடைசி வரியை மட்டும் விட்டுவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த அறையில் வேறு யாருக்கும் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் உங்கள் மகள் காதால் கேட்டுவிட்டாள். அவள் கேட்டிராவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. நல்லவன் மாதிரி எழுத வரவில்லை. மலாயில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன், கடைசி வரியையும்.

“உங்களுக்குத் தெரியாதாண்ணே?” என்று கேட்டாள் உங்கள் மகள்.

“தெரியும்.”

“எப்போ?”

“அன்னைக்கே.”

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். லாயர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது உங்கள் மகளின் முகம் உங்களுடையது மாதிரியே இருந்தது. “கோர்ட்டுல இதையும் சொல்வீங்களா?” என்று மட்டும் கேட்டாள். சொல்வேன் என்றேன். ‘பார்க்கலாம்’ என்று சொல்லவில்லை, அக்கா.

வாரிசாக உங்கள் மகளைச் சேர்க்கத் தேதி இன்னொரு முறை தள்ளிப்போனது. நீதிமன்றம் நான் நினைத்த மாதிரி இல்லை. ஓர் அலுவலகம் மாதிரி, குளிர்ச்சாதனம் பல் நடுங்கும் அளவுக்கு. நீங்கள் உட்கார வேண்டிய இடத்தில் உங்கள் மகள். கம்பெனியின் லாயர் பழுத்த ஆள். உங்கள் நோட்டைத் தூக்கிக் காட்டி, இது எப்போது வேண்டுமானாலும் உட்கார்ந்து எழுதக்கூடிய புத்தகம் என்றார். அதற்குப் பக்கத்தில் உங்கள் லாயர் அந்தக் கோப்புகளின் அச்சுப் பிரதியை வைத்தார். நாள் தவறாமல் இரண்டும் ஒத்துப்போயின. பிறகு கம்பெனி லாயர் நான் கையெழுத்துப் போட்ட தாளை என் முன்னால் வைத்தார்.

“இது உங்கள் கையெழுத்துதானே? அப்படியானால் இதில் இருப்பது பொய்யா?”

“பொய்யில்லை. பாதி.”

“மீதிப் பாதியை அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?”

“யாரும் கேட்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது.”

எழுத்தர் அதைத் தட்டச்சு செய்தார்.

அதற்குப் பிறகு கம்பெனியில் என்னிடம் யாரும் கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லை. கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். என் டார்கெட்டும் மாறியது. எப்போது மாறியது என்று எனக்கும் யாரும் சொல்லவில்லை. நான்கு மாதத்தில் விலகினேன். வழக்குப் போடவில்லை. எனக்கு அது சரியான கூலி என்று நினைத்தேன். இப்போது இருப்பது அக்கரையில் ஒரு சின்னத் தொழிற்சாலை. வீட்டிலிருந்து பத்து நிமிடம். பாலம் ஏற வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை நான்கரைக்கு அவசரப்பட எதுவும் இல்லை. இது அன்றைக்கு இருந்திருக்க வேண்டும்.

தீர்ப்பு போன மாதம் வந்தது. பதவி உயர்வு கொடுப்பதும் கொடுக்காததும் நிர்வாகத்தின் உரிமை, அதில் நீதிமன்றம் கை வைக்காது என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் வெள்ளை ஜாக்கெட் உங்களுக்கு இல்லை, அக்கா, தீர்ப்பிலும் இல்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் டார்கெட்டை மாற்றி, அந்தப் புது எண்ணால் பழைய மாதங்களை அளந்து, அதைக் காரணம் காட்டி உங்களைக் கீழே இறக்கியது நியாயமில்லை என்றும், நீங்கள் போனது நீங்களாகப் போனதாகாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை, அன்று நடப்பிலிருந்த டார்கெட்டை இவர் ஒவ்வொரு மாதமும் எட்டியிருக்கிறார் என்று. உங்கள் மகள் அந்த ஒரு வரியை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். கூட ஒன்றும் எழுதவில்லை. என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவும் இல்லை.

செப்டம்பர் பக்கத்தின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. லாயரிடம் கேட்டு வாங்கினேன். மடித்து, வேலை அட்டையின் உறைக்குள், என் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தினமும் கதவைத் திறக்க அட்டையைத் தட்டும்போது அதுவும் சேர்ந்து தட்டுப்படும். ‘தெரிஞ்சா சரி பண்ணிடுவான்’ என்று நீங்கள் எழுதிய அந்த ஆள் நானாக இல்லை. அவன் எப்படி இருப்பான் என்று பார்க்கத்தான் தினமும் பலகையில் தேதி போடுகிறேன். இங்கே நான் செய்த புதிய சிஸ்டத்தில் ஒவ்வொரு டார்கெட்டுக்கும் தொடக்கத் தேதி உண்டு, மாற்றியவர் பெயர் உண்டு, பழையதை யாராலும் அழிக்க முடியாது. என்னாலும் முடியாது. செய்து முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். லாயர் கேட்டு அதற்குப் பதில் சொன்னேன், நீதிபதி எழுதிக்கொண்டார். நீங்கள் கேட்டபோது சொல்லவில்லை. நீங்கள் சொன்னபடியே, மெயில் இல்லாமல், ஒரு பேப்பரில் எழுதுகிறேன். கையெழுத்தும் போடுகிறேன்.

ஜனவரியில் டார்கெட் அறுநூற்று நாற்பது. நீங்கள் செய்தது சராசரி அறுநூற்று ஐம்பத்தெட்டு.

பச்சைதான், அக்கா.